‘இன்சூரன்ஸில் போட்டுடலாமா?’: முதல் கார் வாங்கிய குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழகத்தில் முதல் முறையாகக் கார் வாங்கி, அதன் முதல் கீறலைப் பார்த்துவிட்ட அல்லது இனிமேல் பார்க்கப்போகிற குடும்பங்களுக்கு,



கத்திப்பாராவில் இறங்கும் வளைவிலோ, கோவை அவிநாசி சாலையின் சிக்னலிலோ, குடியிருப்பின் பார்க்கிங் தூணிலோ அது நடக்கும். ‘டொக்’கென்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் பம்பரில் ஒரு பிளவு, டெயில் லேம்ப்பில் ஒரு விரிசல். யாருக்கும் அடியில்லை. பின்னால் ஹாரன்கள் அலறுகின்றன. அந்த நேரத்தில் இரண்டு குரல்கள் கேட்கும். “சின்ன விஷயம் சார், பேசி முடிச்சிடுங்க” என்பது ஒன்று. “ஃபுல் இன்சூரன்ஸ் இருக்குல்ல, போட்டுடுங்க” என்பது மற்றொன்று. இரண்டையும் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் எந்தக் குரல் எந்தச் சூழலுக்குப் பொருந்தும் என்று சாலையோரத்தில் நின்று யாரும் கணக்குப் போடுவதில்லை. பல ஆயிரம் ரூபாயையும், சில சமயம் ஒரு வழக்கின் போக்கையும் தீர்மானிக்கிற முடிவு, பின்னால் நிற்கும் பஸ்ஸின் அவசரத்தில் எடுக்கப்படுகிறது.

குழப்பத்துக்குக் காரணம், மூன்று வெவ்வேறு காரியங்களை ஒன்றாகப் பார்ப்பதுதான். விபத்து நடந்ததை நிறுவனத்துக்குத் தெரிவிப்பது ஒன்று. தன் காரின் பழுதுக்கு அந்த நிறுவனத்திடம் பணம் கேட்பது இன்னொன்று. அடிபட்ட அடுத்தவருக்குச் சேர வேண்டியது மூன்றாவது. இரண்டாவதில் மட்டுமே லாப நட்டக் கணக்குப் பார்க்கும் சுதந்திரம் காரின் சொந்தக்காரருக்கு உண்டு. மற்ற இரண்டும் கடமைகள். இந்த வித்தியாசம் வீட்டில் கார் ஓட்டும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இந்த மடல்.

முதலில் பாலிசியைக் கையில் எடுப்போம். ‘ஃபுல் இன்சூரன்ஸ்’ என்று ஷோரூமில் சொல்லித் தருகிற அந்தக் காகிதத்துக்குள் இரண்டு காப்பீடுகள் இருக்கின்றன. ஒன்று தேர்ட் பார்ட்டி, அதாவது அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான காப்பீடு. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 146-ஆம் பிரிவில் கட்டாயமாக்கியிருப்பது இது. இதன் கட்டணத்தை அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த பட்டியலில், 1000 சிசி வரையிலான கார்களுக்கு 2,094 ரூபாய், 1500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897. புதுக் கார் வாங்கும்போது மூன்று ஆண்டுக்கான தேர்ட் பார்ட்டி கட்டணத்தை மொத்தமாக வாங்குகிறார்களே, அதற்குப் பின்னால் ஒரு கோவைக்காரர் இருக்கிறார். கங்கா மருத்துவமனையின் எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன், சாலைகளில் போகும் உயிர்களைப் பற்றி உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கில்தான், கார்களுக்கு மூன்று ஆண்டு, இரு சக்கர வாகனங்களுக்கு ஐந்து ஆண்டு என்ற உத்தரவு 2018-இல் வந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

மற்றொன்று ‘ஓன் டேமேஜ்’, அதாவது சொந்தக் காரின் சேதத்துக்கான காப்பீடு. இதன் விலையை 2007 முதல் நிறுவனங்களே முடிவு செய்கின்றன. பம்பர் கீறலுக்கான பணம் வருவது இந்தப் பகுதியிலிருந்து. ‘நோ கிளெய்ம் போனஸ்’ என்கிற என்.சி.பி. தள்ளுபடி கிடைப்பதும் இந்தப் பகுதியில் மட்டும்தான். ஆக, கணக்கு முழுக்க இங்கேதான் இருக்கிறது.

போனஸ் இப்படி ஏறும்: ஓர் ஆண்டு முழுக்க கிளெய்ம் இல்லாமல் ஓட்டினால் அடுத்த புதுப்பித்தலில் 20 சதவீதம், பிறகு 25, 35, 45, ஐந்தாவது ஆண்டு முடிவில் 50. அதற்கு மேல் ஏறாது. இறங்குவது படிப்படியாக இல்லை. ஒரே ஒரு கிளெய்ம் போதும், அடுத்த புதுப்பித்தலில் பூஜ்யம். பத்து வருடம் பார்த்துப் பார்த்து ஓட்டியவரும் ஒரு டெயில் லேம்ப்புக்காகக் கீழிருந்து மறுபடி ஏற வேண்டும்.

இதை ரூபாயாக மாற்றிப் பார்த்தால்தான் உறைக்கும். 50 சதவீத போனஸில் இருப்பவர் ஒரு கிளெய்ம் போட்டால், முதல் ஆண்டில் இழப்பது ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 50 சதவீதம். அடுத்த ஆண்டு 20 சதவீதத்துக்கு ஏறுகிறார். அப்போதும் 30 இழப்பு. பிறகு 25, 15, 5. கூட்டினால் 125. போனஸ் கழிப்பதற்கு முந்தைய ஓர் ஆண்டு ஓன் டேமேஜ் பிரீமியத்தைப் போல ஒன்றேகால் மடங்கை ஐந்து ஆண்டுகளில் சிறிது சிறிதாகத் திருப்பிக் கட்டுகிறார் என்று பொருள். காருக்கு வயதாக ஆக அதன் காப்பீட்டு மதிப்பும் பிரீமியமும் குறையும் என்பதால் உண்மையான இழப்பு இதைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும். ஆனால் நடுத்தெருவில் நின்று யோசிக்க இந்த ஒன்றேகால் மடங்கு போதும். 20 சதவீத போனஸில் இருப்பவருக்கு இதே கணக்கில் 80 சதவீதம் போகிறது. முதல் பாலிசியிலேயே இருப்பவருக்கு, அதாவது இன்னும் போனஸே தொடங்காதவருக்கு, ஒரு பாதி போகிறது.

இனி வருகிற பணம். பலரும் ஏமாறுகிற இடம் இது. பட்டறைக்காரர் 9,000 ரூபாய் எஸ்டிமேட் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம்: புது பம்பர் 4,000, பெயிண்டிங் 4,000, கூலி 1,000. கிளெய்ம் போட்டால் 9,000 வரும் என்று நினைப்பது இயல்பு. வராது. பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரி ஆகியவற்றுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். பம்பர் பிளாஸ்டிக், எனவே 2,000 போச்சு. பெயிண்டிங் செலவில் கால் பங்கைப் பொருளின் விலையாக எடுத்துக்கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள், அங்கே 500. பிறகு ஒவ்வொரு கிளெய்முக்கும் சொந்தக்காரர் ஏற்க வேண்டிய கட்டாயத் தொகை: 1500 சிசி வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. சின்னக் கார் என்றால் கடைசியில் கைக்கு வருவது 5,500. ஓன் டேமேஜ் பிரீமியம் 8,000 ரூபாயாக இருந்து, 50 சதவீத போனஸிலும் இருப்பவர் இந்த 5,500-ஐ வாங்குவதற்குக் கொடுக்கும் விலை, அடுத்த ஆண்டில் மட்டும் 4,000, ஐந்து ஆண்டுகளில் சுமார் 10,000.

ஆகவே அவர் தன் பையிலிருந்து கொடுத்துவிடுவதே நல்லது. அதே பம்பர், அதே பில், ஆனால் கார் வாங்கி எட்டு மாதமே ஆன பக்கத்து வீட்டுக்காரருக்கு விடை வேறு. அவர் இழப்பது 8,000-இல் பாதி, 4,000. வாங்குவது 5,500. புதுக் கார் என்பதால் ‘பம்பர் டு பம்பர்’ என்று அழைக்கப்படும் தேய்மானம் கழிக்காத பாலிசி அவரிடம் இருக்கும் வாய்ப்பும் அதிகம். அப்படியானால் கட்டாயத் தொகை 1,000 மட்டும் போக 8,000 வரும். அவர் தாராளமாக கிளெய்ம் போடலாம். ஒருவரைப் பார்த்து இன்னொருவர் முடிவெடுப்பது தவறாகப் போவதற்குக் காரணம் இதுதான். அலுவலக நண்பரின் அனுபவம் அவருடைய போனஸ் படிக்கும் அவருடைய பாலிசிக்கும் மட்டுமே பொருந்தும்.

பானெட், ஹெட்லேம்ப், ஃபெண்டர் எல்லாம் சேர்ந்து நாற்பதாயிரத்தைத் தாண்டினால் யோசிக்கவே வேண்டாம், கிளெய்ம் போடுங்கள். அதற்குத்தான் பிரீமியம் கட்டுகிறீர்கள். ‘போனஸ் போயிடுமே’ என்று பெரிய பில்லையும் கடன் வாங்கிக் கட்டுகிற குடும்பங்கள் உண்டு. அவர்கள் போனஸைக் காப்பாற்றக் காப்பீட்டையே இழக்கிறார்கள். பாலிசிக்காலம் ஒன்றில் ஏற்கெனவே ஒரு கிளெய்ம் போட்டாயிற்று என்றால், அதே காலத்தில் நடக்கிற இரண்டாவது விபத்துக்குப் போனஸ் பயம் தேவையில்லை. போக வேண்டியது போய்விட்டது. ஆனால் அடிக்கடி கிளெய்ம் போடுபவரின் பிரீமியத்தை ஏற்ற நிறுவனத்துக்கு உரிமை உண்டு. ‘பம்பர் டு பம்பர்’ பாலிசிகள் பலவற்றில் ஆண்டுக்கு இத்தனை தடவை என்ற வரம்பும் இருக்கும்.

இங்கே ஒரு நியாயமான கோபம் எழும். தவறு அடுத்தவருடையது, சிக்னலில் நின்றிருந்த காரைப் பின்னால் வந்து இடித்தது அவர்தான். அப்போதும் போனஸ் போகுமா? போகும். நம் நாட்டில் இந்தத் தள்ளுபடி தவறு செய்யாததற்கான பரிசு இல்லை. பணம் கேட்காததற்கான பரிசு. இடித்தவரின் தேர்ட் பார்ட்டி காப்பீட்டில் பிறர் சொத்துச் சேதத்துக்கு இடம் இருக்கிறது. காருக்கு 7.5 லட்சம் ரூபாய் வரை, இரு சக்கர வாகனத்துக்கு ஒரு லட்சம் வரை. ஆனால் அதைப் பெற மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். சென்னையில் அது சிறு வழக்குகள் நீதிமன்ற வளாகத்தில் நடக்கிறது. 9,000 ரூபாய் பம்பருக்காக அங்கே வாய்தா வாங்கி நிற்க யாராலும் முடியாது. எனவே, இடித்தவர் தன் தவறை உணர்ந்து பழுதுச் செலவைத் தர முன்வந்தால், யாருக்கும் காயமில்லாதபோது அதை வாங்கிக்கொள்வதில் கேவலம் ஏதுமில்லை. பட்டறையில் எஸ்டிமேட் வாங்கி, அந்தத் தொகையை வங்கி வழியாகவோ யுபிஐ வழியாகவோ பெற்று, எந்த வண்டி, எந்தத் தேதி, எந்தச் சேதத்துக்காக என்று இருவரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்வது முறை. சாலையிலேயே கண்ணளவில் ‘ஐயாயிரம் கொடு’ என்று முடிப்பது முறையில்லை; கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் அது நட்டமாகவே முடியலாம்.

கண்ணளவு ஏன் போதாது? இன்றைய பம்பர் வெறும் மூடி. அதன் பின்னால் இரும்பு பீம், பார்க்கிங் சென்சார், முன்பக்கமானால் ஏசி கண்டென்சரும் ரேடியேட்டரும், விலை கூடிய கார்களில் ரேடாரும் இருக்கின்றன. வெளியே சின்னப் பிளவு தெரிந்தால், உள்ளே ஒரு கிளிப் உடைந்திருக்கலாம், ரேடியேட்டரும் கசிந்துகொண்டிருக்கலாம். இடிபட்ட காரை அப்படியே ஓட்டிப்போவதிலும் ஆபத்து உண்டு. பழுது பார்க்காமல் ஓட்டியதால் கூடுகிற சேதம் முழுக்க சொந்தக்காரர் பொறுப்பு என்று பாலிசியின் பொது நிபந்தனையில் எழுதியிருக்கிறது. கூலன்ட் ஒழுகுவது தெரியாமல் பெருங்களத்தூர் வரை ஓட்டி எஞ்சினைச் சூடேற்றிவிட்டால், பம்பருக்குப் பணம் வரும், எஞ்சினுக்கு வராது. தரையில் ஒரு சொட்டுத் திரவம் தெரிந்தாலும், டாஷ்போர்டில் புதிதாக ஒரு விளக்கு எரிந்தாலும், இழுவை வண்டியைக் கூப்பிடுவதுதான் சரி.

இனி, ‘தெரிவிப்பது’ பற்றி.

பாலிசியின் முதல் நிபந்தனையே, விபத்துச் சேதம் நடந்தவுடன் எழுத்தில் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது. ‘முதலில் பழுது பார்த்துவிடுவோம், பில் அதிகமானால் கிளெய்ம் போடுவோம்’ என்று நினைப்பவர்கள் இங்கே சிக்கிக்கொள்கிறார்கள். நிறுவனத்தைக் கேட்காமல் சொந்தக்காரர் தானே பழுது பார்க்க அனுமதி உள்ள தொகை, தனியார் கார்களுக்கு 500 ரூபாய். இன்றைக்கு அந்தத் தொகையில் ஒரு கீறலைக் கூட மறைக்க முடியாது. சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்க்குமுன் உடைந்த பம்பரைக் கழற்றிப் போட்டுவிட்டால், சேதத்துக்குச் சாட்சியே இருக்காது.

தாமதம் பற்றிச் சட்டம் கல்நெஞ்சோடு இல்லை என்பதும் உண்மை. நேர்மையான கிளெய்ம்களைத் தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக இயந்திரத்தனமாக மறுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011 செப்டம்பர் 20-ஆம் தேதியிட்ட சுற்றறிக்கையில் நிறுவனங்களுக்குச் சொன்னது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, திருட்டுப் போன டிராக்டர் வழக்கு ஒன்றில், போலீசில் உடனே புகார் கொடுத்தவருக்கு, நிறுவனத்துக்குத் தாமதமாகச் சொன்னார் என்பதற்காக மட்டும் பணத்தை மறுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. ஆனால் இந்தத் தீர்ப்பைப் பம்பர் கீறலுக்கு அப்படியே கொண்டுவரக் கூடாது. திருட்டில் தேடிப் பிடிக்க வேண்டியது போலீஸ். விபத்தில் சேதத்தைப் பார்த்து மதிப்பிட வேண்டியது சர்வேயர். அவருக்குப் பார்க்க எதையும் மிச்சம் வைக்காத தாமதத்தை எந்த நீதிமன்றத்தில் போய் நியாயப்படுத்துவது?

ஆகையால், கிளெய்ம் போடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்காத நிலையிலும் அன்றைக்கே நிறுவனத்தின் ஆப்பிலோ மின்னஞ்சலிலோ தகவல் சொல்லிவிடுவது நல்லது. தேதி, நேரம், இடம், ஓட்டியவர் பெயர், நான்கு படங்கள். கூடவே, ‘எஸ்டிமேட் வந்த பிறகு கிளெய்ம் பற்றி முடிவு சொல்கிறோம்’ என்று ஒரு வரி. போன் அழைப்பில் தகவல் மட்டும் சொன்னாலும் எதிர்முனையில் கிளெய்ம் எண் போட்டுவிடுவது உண்டு. பணம் வேண்டாம் என்று பிறகு முடிவெடுத்தால், அந்த எண்ணைப் பணம் பெறாமல் முடித்துவிட்டதாகவும் போனஸுக்குப் பாதிப்பில்லை என்றும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். வாய்வார்த்தை புதுப்பித்தல் நாளில் உதவாது.

இதுவரை பேசியது தகரத்தையும் பிளாஸ்டிக்கையும் பற்றி. மனித உடம்பு என்று வந்துவிட்டால் மேலே போட்ட கணக்குகள் எதுவும் செல்லாது. பெண்டு விழுந்த ஸ்கூட்டரை நிமிர்த்திவிட்டு, “ஒண்ணுமில்ல சார்” என்று எழுந்து நிற்கிற மனிதரின் முழங்கால், அடுத்த நாள் காலையில்தான் வீங்கும். தலையில் பட்ட அடி இன்னும் தாமதமாகத் தெரியும். அவர் கையில் ஆயிரம் ரூபாயைத் திணித்துவிட்டுக் கிளம்புவது விவகாரத்தை முடித்துவிடாது. நீங்கள் நிற்காமல் போன ஆளாகிவிடுகிறீர்கள், அவ்வளவுதான்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது. யாருக்காவது காயமோ பிறர் சொத்துக்குச் சேதமோ ஏற்பட்டால், ஓட்டுநர் காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும். இடத்தில் போலீஸ் இல்லையென்றால் அருகில் உள்ள காவல் நிலையத்தில் அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் பாலிசி எண், விபத்தின் நாள், நேரம், இடம், காயம்பட்டவர் விவரம், ஓட்டுநரின் பெயர், உரிம விவரம் ஆகியவற்றை எழுதித் தர வேண்டும். கூட்டத்தின் ஆத்திரத்துக்குப் பயந்து இடத்தைவிட்டுப் போக நேர்வதைக்கூட இந்தச் சட்டம் யோசித்து விலக்குக் கொடுத்திருக்கிறது. எனவே, அடிக்க வருகிறார்கள் என்று பயந்து விலகியவர் நேராகக் காவல் நிலையம் போக வேண்டும், வீட்டுக்கு அல்ல.

மருத்துவமனைச் செலவை நினைத்துத் தயங்கத் தேவையில்லை. தமிழக அரசு 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் இலவசம். 108-ஐ அழைப்பதும் கூடவே போவதும்தான் ஓட்டுநர் செய்ய வேண்டியது.

‘சொல்லாமல் விட்டால் நிறுவனத்துக்கு எப்படித் தெரியும்?’ என்று ஒருவர் கேட்கலாம். போலீஸ் மூலமாகத் தெரியும். 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி, காயம் ஏற்பட்ட விபத்து பற்றித் தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் விசாரணை அதிகாரி முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டும். நீங்கள் சொல்லாத கதையை எதிர்த்தரப்பின் வாயால் நிறுவனம் கேட்கும். உங்கள் படங்கள், உங்கள் சாட்சிகள், அந்த நேரத்துச் சாலையின் நிலை எதுவும் அதில் இருக்காது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நிறுவனத்தின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் தவறை ஒப்புக்கொள்வதோ, பணம் தருவதாக வாக்களிப்பதோ, தொகை கொடுத்து முடிப்பதோ கூடாது என்பது பாலிசியின் இரண்டாவது நிபந்தனை. காயம்பட்டவரை ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோவதும் மருந்து வாங்கித் தருவதும் மனிதர் செய்கிற காரியம். சட்டமே அதைச் செய்யச் சொல்கிறது. ஆனால் நாலு பேர் சூழ்ந்து நின்று நீட்டுகிற வெள்ளைத்தாளில் ‘முழுத் தவறும் என்னுடையது, இத்தனை ஆயிரம் தருகிறேன்’ என்று எழுதித் தருவது வேறு. தேர்ட் பார்ட்டி காப்பீடு என்பதே காயம்பட்டவருக்கு உரிய தொகையை நிறுவனம் தருவதற்காக இருப்பது. அந்த வழியை அடைத்துவிட்டு அவரை இரண்டாயிரத்தோடு அனுப்புவது அவருக்குத்தான் பெரிய அநியாயம். இதில் நிறுவனம் பணம் கொடுத்தாலும் உங்கள் போனஸ் குறையாது. அது ஓன் டேமேஜ் பகுதியைச் சேர்ந்ததல்ல.

பொய் சொல்வதற்கான தூண்டுதலும் இந்தச் சின்ன விபத்துகளில்தான் அதிகம். ‘பழைய கீறலையும் இதிலேயே சேர்த்துடலாம் சார்’ என்று பட்டறையில் சொல்வார்கள். மழையில் ஊறித் துருவேறிய கீறலுக்கும் நேற்று விழுந்த கீறலுக்கும் வித்தியாசம் சர்வேயருக்குத் தெரியாதா என்ன? நிறுவனம் மாறும்போது ‘கிளெய்ம் எதுவும் இல்லை’ என்று பொய்யாக எழுதிக்கொடுத்துப் போனஸ் வாங்குவது அதைவிட விபரீதம். புது நிறுவனம் பழைய நிறுவனத்தைக் கேட்டுச் சரிபார்க்கும். பொய் என்று தெரிந்தால் ஓன் டேமேஜ் பலன்கள் முழுவதும் ரத்தாகும். ஏழாயிரம் மிச்சம் பிடிக்கப் போய், பெரிய விபத்து நடக்கிற நாளில் கையில் ஒன்றுமில்லாமல் நிற்க நேரும்.

இவை எல்லாவற்றையும்விடக் கொடியது ஓட்டியவரை மாற்றிச் சொல்வது. ப்ளஸ் டூ படிக்கும் மகன் தெருமுனை வரை ஓட்டிப் போய் இடித்துவிட்டான். ‘ஓட்டியது நான்தான்’ என்று அப்பா சொல்கிறார். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் தெருவில் எத்தனை சிசிடிவி கேமராக்கள்! 2019 திருத்தத்தின்படி, 18 வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டி விபத்து நடந்தால் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. பதிவும் ஓராண்டுக்கு ரத்தாகும். காயம்பட்டவருக்கு நிறுவனம் முதலில் பணம் கொடுத்துவிட்டு, உரிமம் இல்லாதவரிடம் தெரிந்தே வண்டியைக் கொடுத்த உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்ற வழியை உச்ச நீதிமன்றம் 2004-இல் ஸ்வரண் சிங் வழக்கின் தீர்ப்பில் உறுதிசெய்தது. வீட்டை அடமானம் வைத்துக் கட்ட வேண்டிய தொகையாகக்கூட அது வரக்கூடும்.

நியாயமான கிளெய்மை நிறுவனம் மறுத்தாலோ பாதியாக வெட்டினாலோ சோர்ந்துவிட வேண்டாம். முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ, சென்னை தேனாம்பேட்டையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்துக்கு ஓராண்டுக்குள் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற எண்ணிலும் புகார் சொல்லலாம்.

கடைசியாக, காரின் சொந்தக்காரர்களைவிட எளிய நிலையில் இருக்கிற இருவரைப் பற்றி.

ஒருவர், உங்கள் காரில் உரசிவிட்ட இரு சக்கர வாகனக்காரர். பெரும்பாலும் உணவு கொண்டுபோகிற இளைஞர், பையில் யாருடைய சாப்பாடோ ஆறிக்கொண்டிருக்கும். அவருடைய வண்டிச் சாவியைப் பிடுங்குவதும் செல்போனை வாங்கி வைத்துக்கொள்வதும் நம் சாலைகளில் சாதாரணமாகிவிட்டன. இதற்கு யாருக்கும் அதிகாரம் இல்லை. நாட்டில் ஓடும் வாகனங்களில் பாதிக்கும் மேற்பட்டவை காப்பீடு இல்லாதவை. அவருடையதும் அப்படி இருக்கலாம். அவருக்கு ஒரு நாள் கூலி போனால் வாடகை தள்ளிப்போகும். வண்டி எண்ணையும் இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு, பெரிய சேதமானால் உங்கள் பாலிசியில் போடுங்கள். சிறியதானால் மேலே பார்த்த கணக்கு இருக்கிறது. அவரை மிரட்டி அங்கேயே ஐயாயிரம் கேட்பதற்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை.

மற்றவர், ஆக்டிங் டிரைவரோ மாதச் சம்பளத்துக்கு வருகிற ஓட்டுநரோ. பார்க்கிங்கில் ஒரு கீறல் விழுந்தவுடன் அவருடைய சம்பளத்தில் பிடிக்கிற வீடுகள் உண்டு. உரிமம் உள்ள ஓட்டுநர் உங்கள் அனுமதியோடு ஓட்டும்போது நடந்த சேதம் உங்கள் பாலிசிக்குள்தான் வருகிறது. போனஸைக் காப்பாற்றுவதற்காக கிளெய்ம் வேண்டாம் என்று முடிவெடுத்தது நீங்கள், அவர் அல்ல. அந்த முடிவின் செலவை அவர் தலையில் வைப்பது தகாது. வேலைக்குச் சேரும் நாளிலேயே இதைப் பேசிவிடுங்கள். அதே நாளில் அவருடைய உரிமத்தை வாங்கிப் பாருங்கள்: எந்த வகை வண்டிக்கு, எந்தத் தேதி வரை செல்லும் என்று. நகல் ஒன்று பாலிசியோடு டாஷ்போர்டு அறையில் இருக்கட்டும். ஓன் டேமேஜ் பிரீமியம் எவ்வளவு, போனஸ் எத்தனை சதவீதம் என்ற இரண்டு எண்களையும் அந்தப் பாலிசியின் மேல் பேனாவால் பெரிதாக எழுதி வையுங்கள். காரை யார் எடுத்துப் போனாலும் முதலில் தேவைப்படுவது அந்த இரண்டும்தான்.